கிளப்புக்குள் ஒரு சதுர மீற்றரில் எத்தனை பேர்?

சுவிஸ் ரெயினில் நாலு இருக்கையில் மூன்று வெறுமையாய்க் கிடந்தாலும், "இங்க இருக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் வந்து இருப்பினம். அதே ஆட்கள் சனி இரவு ஒரு மணிக்கு, நிலத்துக்குக் கீழே இருக்கிற கிளப் ஒன்றில், பெயர் தெரியாத ஒருவரின் முதுகோடு முதுகு உரச நின்று ஆடுவினம்.

உங்களில் பலரின் பிள்ளைகள் 18 வயதைத் தாண்டியிருப்பார்கள், அல்லது தாண்டப்போகிறார்கள். கிளப்புக்குப் போகலாமா கூடாதா என்பது ஒவ்வொரு வீட்டின் வழக்கு. அதுக்குள் நான் வரவில்லை. போன இடத்தில் ஏன் இவ்வளவு இடிபாடும் சண்டையும் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட புத்தகத்தில், மனிதரைச் சுற்றி இருக்கிற தூரங்களைப் பிரித்துக் காட்டினார். சுமார் 45 சென்ரிமீற்றருக்குள் மிக நெருங்கியவர்கள் மட்டும். அதற்கு அப்பால் 1.2 மீற்றர் வரை நண்பர்கள், தெரிந்தவர்கள். ஊருக்கு ஊர் இது மாறும் என்றும் அவரே சொன்னார். தொழில் புத்தி விடாது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 செ.மீ. ஆரை உள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.64 சதுர மீற்றர். ஆளுக்கு ஒரு வட்டம் கொடுத்தால், ஒரு சதுர மீற்றரில் ஒன்றரைப் பேர். நாலு பேர் நின்றால் முழங்கை விரிக்க இடமில்லை. ஏழு பேர் அளவுக்குப் போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலை அடிக்கத் தொடங்கும் என்று, கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜோன் ஃப்ரூயின் எழுதியிருக்கிறார்.

சண்டை தொடங்குவது அதற்கு எவ்வளவோ முன்னால். ஒருவர் பாரில் இருந்து இரண்டு கிளாஸோடு திரும்புகிறார். அவருக்கு விலகின ஆள் பின்னால் நிற்பவரை இடிக்க, அவர் அடுத்தவரை இடிக்க, நாலாவது ஆளின் சேர்ட்டில் பியர். நாலாவது ஆள் திரும்பிப் பார்ப்பது மூன்றாவது ஆளை. "கண் தெரியாதே?" மூன்றாவது ஆளும் தள்ளுப்பட்டவர்தான். கிளாஸ்காரர் எப்பவோ போய்விட்டார். எங்கட வேலையில் ஒரு சேர்வர் விழுந்தால், கடைசியாக வந்த பயனரை யாரும் பேசுவதில்லை. எத்தனை பேரை உள்ளே விட்டோம் என்றுதான் பார்ப்போம். கிளப்பில் அந்தக் கேள்வி வாசலில் காசு வாங்கினவரிடம் போகவேணும். ஆனால் பவுன்சர் பிடிக்கிறது மூன்றாவது ஆளையும் நாலாவது ஆளையும். அதிலும் முடி கறுப்பு என்றால் முதலில் வெளியே போவது நாங்கள்தான் என்று எங்கட பெடியள் சொல்லுவினம். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"நல்லூர்த் தேரில இதைவிட நெருக்கம், அங்க ஆர் அடிபட்டது?" என்று அம்மா கேட்பா. தேர் வெட்டவெளியில் போகுது, எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கினம். கிளப்பில் ஆளுக்கொரு பக்கம், கொஞ்சம் வெறி, அதோடு காதும் கேளாது. "கொஞ்சம் தள்ளுங்கோ" என்று சொல்லவே மற்றவரின் காதுக்குள் வாயை வைக்கவேணும். சுவிஸ் சட்டப்படி சத்தம் 93 டெசிபெலைத் தாண்டினால் காதடைப்பான் இலவசமாகத் தரவேண்டும். 96இல் இருந்து 100 வரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போனால், 85க்கு மேல் போகாத ஒரு பகுதியும், ஆட்கள் நிற்கிற இடத்தில் குறைந்தது பத்து வீதமாவது, ஒதுக்கவேண்டும். அது காதுக்காக வந்த விதி. ஆனால் சண்டை ஆறுகிற இடமும் அதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கோ.

சேர்ட்டில் பியர் ஊற்றுப்படுவது ஒரு விஷயம். அக்காவின் மகளுக்கு நடந்தது வேறு. அவளுக்கு 19 வயது. சூரிச்சில் ஒரு கிளப். நெருக்கத்துக்குள் ஒரு கை. முதல் தரம் தற்செயல் என்று நினைத்து நகர்ந்தாளாம். நகர இருந்தது பத்து சென்ரிமீற்றர். இரண்டாம் தரம் தற்செயல் இல்லை. திரும்பினால் ஐந்து முகம், எல்லாம் வேறு எங்கேயோ பார்க்குது. "அம்மாட்டச் சொல்லாதேங்கோ மாமா, 'அங்க ஏன் போனனி' எண்டுதான் முதல் கேப்பா" என்றாள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவளே சொன்னாள். அக்கா அதைத்தான் முதலில் கேட்டா.

இப்படிக் கை வைப்பது சுவிஸ் குற்றவியல் சட்டம் 198ஆம் பிரிவின்படி குற்றம். ஆளைத் தெரிந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்கலாம். 2024 ஜூலை 1இல் இருந்து பாலியல் குற்றச் சட்டமே "இல்லை என்றால் இல்லை" என்று மாறியிருக்கிறது. பயத்தில் உறைந்துபோய் நின்றால் அதைச் சம்மதம் என்று சொல்ல ஏலாது. ஜெர்மனியின் மூன்ஸ்ரரில் 2016இல் தொடங்கி, பிறகு சுவிஸிலும் சில இடங்களுக்கு வந்த ஒரு முறையும் இருக்கு. பாரில் போய் "லூயிசா இருக்கிறாவோ?" என்று கேட்டால், அங்கே வேலை செய்பவர் விளக்கம் கேட்காமல் உதவிசெய்வார்.

கிரான்ஸ்-மொன்டானாவில் 2026 புதுவருட இரவு நடந்ததற்குப் பிறகு, நெருக்கம் என்பது இடிபடுவது மட்டும் இல்லை என்று எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். லு கொன்ஸ்ரலாசியோன் பாரின் நிலவறையில் தீ. 40 பேருக்கு மேல் செத்தார்கள், பலர் பதின்ம வயதுப் பிள்ளைகள். மேலே வர இருந்த படி ஒடுக்கம். 2020இல் இருந்து 2025 வரை அங்கே தீத்தடுப்புச் சோதனை நடக்கவில்லை என்று ஊராட்சியே ஒத்துக்கொண்டது. விதி இல்லாமல் இல்லை. 2015இல் வந்த விதிப்படி 50 பேர் வரைக்கும் 90 செ.மீ. அகலமான ஒரு வாசல் போதும். 100 பேர் வரைக்கும் அப்படி இரண்டு வேணும். 200 பேரைத் தாண்டினால் வாசல்களின் அகலம் குறைந்தது 1.2 மீற்றர். எண்ணிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி.

போன மாதம் மருமகள் வேறொரு கிளப்புக்குப் போனாள். உள்ளே இருந்து ஒரு படம் அனுப்பினாள். பச்சை நிறத்தில் ஓடுகிற மனிதன் இருக்கிற பலகை, அதுக்குக் கீழே கதவை மறைத்து அடுக்கின பியர்ப் பெட்டிகள். "வேற இடம் பாக்கிறம்" என்று எழுதியிருந்தாள்.