நம் கையால் ஓர் அம்பிளிபயர்

மாசிச் சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போயிருக்கிறீர்களா? பாலாவியில் நீர் அள்ளி, மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே வார்க்கவென்று பக்தர்கள் வரிசையாக நிற்பார்கள். இப்படியான கூட்டத்தில் கைதவறிய பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பது ஒலிபெருக்கிதான். பிள்ளையின் பெயரும் சட்டையின் நிறமும் வீதி முழுவதும் கேட்கும்.

அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டியை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? "அது ஆம்பிளையளின்ரை வேலை" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பொருளாதாரத் தடை இருந்த 1990களை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பெடலைச் சுற்றிய கைகளில் பெண்களின் கைகளும் இருந்தன. அந்தக் கைகளுக்கு இந்த வேலை முடியாததல்ல.

அம்பிளிபயர் என்ன செய்கிறது?

அம்பிளிபயர் தானாகச் சத்தத்தை உண்டாக்குவதில்லை. கட்டுக்கரைக் குளத்து மதகை ஒருவர் சற்றுத் திருப்பினால் வயல்வெளிக்கெல்லாம் தண்ணீர் பாய்கிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். வானொலியோ கைத்தொலைபேசியோ தரும் மெல்லிய மின்சைகை மதகைத் திருப்பும் கை, பற்றரியின் மின்சாரம் குளத்து நீர், ஸ்பீக்கர் வயல்.

புதிதாகப் பழகுவோருக்கு ரி.டி.ஏ. 2003 என்ற ஐ.சி. ஏற்றது. கார் வானொலிகளுக்காகச் செய்யப்பட்ட இது 8 முதல் 18 வோல்ட் வரை வேலை செய்யும். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பற்றரி போதும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே பழகும்போது பற்றரியையே பயன்படுத்துங்கள். பற்றரிக் கம்பியில் 2 அம்பியர் பியூஸ் ஒன்றும் போடுங்கள்.

இணைக்கும் விதம்

எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க ஐ.சி.யைப் பிடியுங்கள். இடமிருந்து எண்ணினால் முதற்கால் சைகை நுழையும் வழி. இரண்டாவது பின்னூட்டம், மூன்றாவது மைனஸ், நான்காவது ஸ்பீக்கருக்கு, ஐந்தாவது பிளஸ்.

சைகை ஒரு வொலியூம் கட்டுப்பாட்டையும் 10 மைக்ரோபரட் கொள்ளளவியையும் கடந்து முதற்காலுக்கு வரட்டும். நான்காம் காலில் 220 ஓம் தடையின் ஒரு முனையை இணையுங்கள். நான்காம் காலிலிருந்து 2.2 ஓம் தடை ஒன்று மைனஸுக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள்: 220 ஓம் தடையின் மறுமுனை, 470 மைக்ரோபரட் கொள்ளளவி வழியாக இரண்டாம் காலைச் சேரும்; அதே முனையிலிருந்துதான் 2.2 ஓம் தடை மைனஸுக்குப் போகும். இந்த இரு தடைகளின் அளவால் சைகை ஏறத்தாழ 100 மடங்காகிறது. நான்காம் காலிலிருந்து 1000 மைக்ரோபரட் கொள்ளளவி வழியாக 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கம்பி போகும். அதே காலிலிருந்து 1 ஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் ஒன்றன்பின் ஒன்றாக மைனஸுக்குப் போகவேண்டும். இவற்றை விட்டால் ஐ.சி. காதுக்குக் கேளாத அதிர்வில் சூடாகிவிடலாம். ஐந்தாம் காலுக்கும் மைனஸுக்கும் இடையில் 1000 மைக்ரோபரட், 0.1 மைக்ரோபரட் கொள்ளளவிகளை வையுங்கள்.

ஐ.சி.யின் முதுகை அலுமினியத் தகட்டில் திருகாணியால் இறுக்குங்கள். பற்றாசு வைத்தபின் ஒவ்வொரு பொட்டும் பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நமது கரையோர உப்புக்காற்று இணைப்புகளை விரைவில் அரித்துவிடும். ஆகவே சோதனையெல்லாம் முடிந்தபின் பற்றாசு வைத்த பக்கத்துக்கு மெல்லிய வார்னிஷ் பூசி, பெட்டியில் வையுங்கள்.

சோதிக்கும் விதம்

அவசரப்பட்டு ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

முதலில், பற்றரியின் பிளஸ் கம்பியில் மோட்டார் சைக்கிள் பல்ப் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பல்ப் ஒரு கணம் மினுங்கி அணைந்தால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் எங்கோ கம்பி முட்டுகிறது. உடனே பற்றரியைக் கழற்றுங்கள்.

இரண்டாவதாக, பல்பை எடுத்துவிட்டு, மல்ரிமீற்றரால் நான்காம் காலுக்கும் மைனஸுக்கும் இடையில் அளவுங்கள். பற்றரியின் பாதி, அதாவது 6 வோல்ட் அளவில் காட்டவேண்டும். சைகைக்கு மேலும் கீழும் சமமாக ஆட இடம் வேண்டுமல்லவா, அதற்காகவே இந்தப் பாதி. பூச்சியமோ 12 வோல்டோ காட்டினால் பிழை இருக்கிறது.

மூன்றாவதாக, சைகை இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தை அளவுங்கள். அது 50 மில்லி அம்பியர் அளவைத் தாண்டக்கூடாது.

இவை மூன்றும் சரியானால் பழைய ஸ்பீக்கர் ஒன்றை இணைத்து, வொலியூமைக் குறைத்து, வானொலியைப் போடுங்கள். பத்து நிமிடத்துக்குப் பின் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பெரிய தகடு தேவை.

மைக்கின் சைகை மிகவும் மெலிது. அதற்கு முன்னால் இன்னொரு சிறு பெருக்கி வேண்டும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் கூவும். ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று பேசுங்கள்.

இந்தப் பெட்டி 12 வோல்டில் 4 வாற் அளவே தரும். ஒரு மரநிழலில் முப்பது நாற்பது பேர் கூடும் சங்கக் கூட்டத்துக்கு அது தாராளம். இதே போன்ற ஒற்றைப் பெட்டியில் "500 வாற்" என்று அச்சடித்து விற்றால் நம்பாதீர்கள்.

ஏன் இந்தப் பாடு?

தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணிடம், "போர்ட் முழுதும் போச்சு, புதுசுதான் வாங்கவேணும்" என்று சொல்வது எளிது. மீற்றர் பிடிக்கத் தெரிந்தவளிடம் அப்படிச் சொல்ல முடியாது. கழன்ற கம்பியையும் அரித்துப்போன இணைப்பையும் அவளே கண்டுபிடித்துவிடுவாள். அயலவரின் வானொலியையும் திருத்திக் கொடுத்து நாலு காசு தேடவும் முடியும். முறையாகக் கற்க விரும்புவோர், தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகள் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து மெல்லப் பேசும் ஒரு சகோதரி எப்போதும் இருப்பாள். இழந்ததைச் சொல்ல வாயெடுப்பாள். "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று முன்னாலிருப்பவர்கள் சொன்னதும் இருந்துவிடுவாள். உங்கள் கையால் செய்த பெட்டியை முதலில் அவளிடம் கொண்டுபோய் வையுங்கள்.