கோடுகள் சந்தித்தால் வண்டிகள் சந்திக்குமா?

சென்ற வாரம் விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவர் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பார்த்ததும் திடுக்கிட்டேன். முதலாண்டுத் தேர்வில் என்னைக் கவிழ்த்த அதே கணக்கு!

கார் ஒன்று விநாடிக்கு 20 மீட்டர் என்ற மாறாத வேகத்தில் போலீஸ்காரரைக் கடந்து செல்கிறது. அதே கணத்தில் அவர் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஒவ்வொரு விநாடியும் வேகத்தை 5 மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே துரத்துகிறார். எப்போது பிடிப்பார்?

கிராப் தாளில் காலத்தைக் கிடையாகவும் வேகத்தை நெட்டாகவும் குறியுங்கள். காருக்குப் படுத்த கோடு. மோட்டார் சைக்கிளுக்கு மூலையிலிருந்து ஏறும் கோடு. இரண்டும் 4-ஆவது விநாடியில் வெட்டிக்கொள்கின்றன. "விடை 4 விநாடி" என்று எழுதிவிட்டு அன்று நான் பெருமையோடு வெளியே வந்தேன். தம்பியும் அதையேதான் எழுதியிருந்தார்.

அங்கே சமமானது வேகமே ஒழிய இடமன்று. இந்தப் படத்தில் கோட்டின் சாய்வு முடுக்கம். கடந்த தூரமோ கோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு. 4 விநாடியில் காரின் செவ்வகம் 80 மீட்டர். துரத்துபவரின் முக்கோணம் 40 மீட்டர்தான். அதுவரை காரே வேகமாக ஓடியதால், இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும் கணமே அது! முக்கோணம் செவ்வகத்துக்குச் சமமாக வேண்டுமானால் அதன் உயரம் இருமடங்காக வேண்டும். ஆகவே பிடிக்கும்போது வேகம் 40. காலம் 8 விநாடி. தூரம் 160 மீட்டர். பரப்பே தூரம் என்னும் இந்த எண்ணம் புதிதன்று. 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு நிக்கோல் ஓரெம் இத்தகைய படங்களை வரைந்திருக்கிறார்.

"சூத்திரமே போதுமே, படம் எதற்கு?" என்று தம்பி கேட்டார். நியாயந்தான். ஆனால் விநாடிக்கு 40 மீட்டர் என்றால் மணிக்கு 144 கிலோமீட்டர்! கணக்குப் புத்தகத்து மோட்டார் சைக்கிள்களுக்கு எதுவும் முடியும். நம் வண்டி 30 மீட்டருக்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் நடுவில் நின்றுவிடுவதால் ஒரே சூத்திரத்தில் எண்களைப் போட்டு முடிக்க இயலாது. படத்திலோ ஏறிய கோடு 6-ஆவது விநாடியில் படுத்துவிடுகிறது, அவ்வளவுதான். 4-ஆவது விநாடியில் 40 மீட்டர் கடன். அடுத்த இரண்டு விநாடியில் கோடுகளுக்கு இடையிலுள்ள சிறு முக்கோணம் 10 மீட்டரை அடைக்கிறது. மீதி 30, விநாடிக்கு 10 வீதம் அடைக்க 3 விநாடி. ஆக 9-ஆவது விநாடியில், 180-ஆவது மீட்டரில் பிடித்துவிடுகிறார்.

இந்தக் கடைசிப் பகுதியைத் தம்பி தாமே போட்டுவிட்டார். திங்கட்கிழமை அவருக்குத் தேர்வு.