மண் அடிக்கக் காசு எங்கே?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு காங்கிரீட் தளம். மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. சிதம்பரத்தில் காண்ட்ராக்டுக்கு வீடு கட்டித் தருகிறவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். "இந்தக் காசில் எப்படி சார் கட்டுவது?" என்று கேட்காத ஆளில்லை. கட்டலாம். புருஷனும் பெண்டாட்டியும் சித்தாள் வேலை பார்த்து, இடித்த வீட்டுச் செங்கல்லைக் கொத்திச் சுத்தம் செய்து, மச்சான் முறையில் ஒரு கொத்தனாரைப் பிடித்துக் கட்டி முடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலூர் மாவட்டத்து ஒன்றியங்களில் ஓவர்சியராக டேப்பும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகமுமாக அலைந்தவன் நான். என் கவலையெல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே போகும் பணத்தைப் பற்றித்தான்.

விருத்தாசலம் பக்கம் செம்மண்ணும் சரளையும். மூன்றடி தோண்டினால் கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். அங்கேயே கல் வைத்துக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிடலாம். அதே மாவட்டத்தில் குமராட்சி, காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம் பக்கம் வாருங்கள். கொள்ளிடம் ஆறும் வீராணம் ஏரியும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து போட்ட களிமண். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். ஐப்பசி மழைக்கு அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பும். மேலே இருக்கும் அஸ்திவாரத்தையும் சேர்த்துத் தூக்கும், கோடையில் கீழே விடும். இரண்டு வருஷத்தில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் கிளம்பினால், கொத்தனார் கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்பார்கள். பாதி இடத்தில் கொத்தனார் மேல் குற்றமே இருக்காது.

இந்த மண்ணுக்கு வைத்தியம் உண்டு. களியை வெட்டி எடுத்துவிட்டு, மணலைப் போட்டு, தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இடித்து, அதன்மேல் காங்கிரீட் போட்டு, தரைமட்டத்தில் சுற்றிலும் கம்பி வைத்து ஒரு பீம் ஓட்ட வேண்டும். அதோடும் முடியாது. மனை பெரும்பாலும் வயலை ஒட்டி, ரோட்டை விடப் பள்ளமாக இருக்கும். ரோட்டை ஒவ்வொரு முறை போடும்போதும் அது இன்னும் உயர்ந்துகொண்டே போகும். ஆகவே பேஸ்மட்டம் மூன்றடியாவது தூக்க வேண்டும். 360 சதுர அடிக்கு மூன்றடி என்றால் 1080 கன அடி, அதாவது நூறு கன அடிக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் ஏறக்குறைய பதினோரு யூனிட் மண். அமுங்கும் மண்ணுக்கும் சேர்த்தால் இன்னும் இரண்டு யூனிட். வாசலும் நடையும் தனி. எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட எஸ்டிமேட்டில் இந்தப் பள்ளத்துக்கு என்று தனிக் காசு கிடையாது. வேலை ஏற ஏறத்தான் தவணை வரும் என்பதால், வட்டிக்கு வாங்கிய முதல் பணம் இந்த மண்ணுக்குள்தான் போகிறது. குமராட்சி பக்கத்தில் ஒரு நடவு வேலைக்கார அம்மா வொர்க் ஆர்டரை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஊட்டுக்குக் காசு குடுக்குறீங்க சார், மண்ணு யாரு அடிக்கிறது?"

மத்திய அரசின் பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டம் 2016-இல் வந்தபோது சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கும் கடினமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம் என்று வைத்தார்கள். மலையில் கட்டினால் செலவு கூடும் என்று ஒப்புக்கொண்ட கணக்கு அது, நியாயமான கணக்கு. டெல்டாவின் களிமண் பள்ளத்துக்கும் அந்த நியாயம் வர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

ஏழைகளின் மனை ஏன் எப்போதும் பள்ளத்தில் இருக்கிறது? பண்ணையார் காட்டிய இடத்தில் குடிசை போட்டு, அவர் போ என்றால் போக வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1971-ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டம், அந்த வருஷம் ஜூன் 19-ஆம் தேதி யார் எந்த இடத்தில் குடியிருந்தார்களோ அந்த மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கியது. இந்தச் சட்டத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் குடிசை இருந்த இடம் களத்துமேட்டின் ஓரமோ வாய்க்கால் கரையோதான், சொந்தமானதும் அதுவேதான். பிறகு 1978 சட்டத்தின்படி ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுத்து மூன்று சென்ட், மூன்று சென்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மலிவாகக் கிடைக்கிற நிலம் எது? தண்ணீர் நிற்கிற நிலம். வாய்க்கால் கரையிலேயே இருந்துவிட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். அது ஆட்சேபகரமான புறம்போக்கு, பட்டா கிடையாது. பட்டா இல்லாமல் கனவு இல்லம் திட்டத்தில் பேர் ஏறாது. மாற்று மனை காட்டாமல் அவர்களைப் பட்டியலிலிருந்து விலக்குவது அநியாயம்.

பெராம்பட்டு, கீழகுண்டலப்பாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற கொள்ளிடத் திட்டுக் கிராமங்களை 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் வெள்ளம் சூழ்ந்தது. அது உள்ளூர் மழைத் தண்ணீர் இல்லை, மேட்டூரிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். இப்படிப்பட்ட ஊர்களுக்கு வங்கதேசத்தில் ஒரு வழி கண்டார்கள். அங்கே ஜமுனா ஆற்றின் மணல் திட்டுகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு, தெரிந்த அளவில் மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேலே இரண்டடி நிற்கும்படி வீட்டடி மண்ணை முதலில் மேடாக்கிக் கொடுத்தது ஒரு திட்டம். மண் சுமந்த கூலியும் உள்ளூர்க்காரர்களுக்கே போனது. மேட்டில் வீடு, அடிபம்பு, மாட்டுக்கு இடம், நாலு காய்கறிச் செடி. நம் திட்டுகளில் இதைச் செய்யத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குடிசை இழந்தவர்களுக்காகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் ஒரு லட்சம் காங்கிரீட் வீடுகளை, வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாயில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். காற்றுக்கு அந்த வீடுகள் சரியான பதில். 2015 நவம்பரில் வந்தது தண்ணீர். பெரியகாட்டுப்பாளையம் கிராமத்தில் ஓடை உடைத்துக்கொண்டு வந்து மனிதர்களையே அடித்துச் சென்றது. அங்கே சுவர் எவ்வளவு கெட்டி என்பதைவிட, வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதே உயிர்க் கேள்வியாக இருந்தது.

கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரம் காயலில் இறால் தடவிப் பிழைப்பவர்கள். மேடு கிடைக்கிறது என்று ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி மனை கொடுத்தால், விடியற்காலையில் தண்ணீருக்குள் இறங்க அவர்கள் எப்படி வருவார்கள்? மேடும் வேண்டும், தொழிலுக்குக் கிட்டேயும் வேண்டும். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அவர்களோடு நடந்துபோய், எது வரைக்கும் தண்ணீர் ஏறியது என்று அவர்கள் கை காட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

நான் கேட்பது ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பதிவேடு. காலியாக இருக்கும் நத்தம் எவ்வளவு, மேட்டுப் புறம்போக்கு எந்தெந்த சர்வே எண், 2015-இலும் அதற்குப் பிறகும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, தரைக்குக் கீழே என்ன மண், பட்டா இல்லாத குடும்பங்கள் எத்தனை. வி.ஏ.ஓ., ஓவர்சியர், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்தால் ஒரு மாதத்து வேலை. வீடு கேட்டு கிராம சபைக்குப் போகிறவர்கள், பயனாளிகள் பட்டியலை வாசிக்கும்போதே எழுந்து நின்று, "எங்க தெருவுக்கு மண் அடிக்க எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்கள்.