கரும்பு டிரெய்லரை நிறுத்தத் தெரியுமா?

தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. வெட்டுக் காலம் தொடங்கிவிட்டால் தெருவெல்லாம் கரும்புச் சோகைதான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த நாள் முதல் டிராக்டருக்கும் ஓய்வில்லை, ஓட்டுபவனுக்கும் தூக்கமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இதே தடத்தில் லோடு அடித்திருக்கிறேன். புதிதாக டிராக்டர் எடுத்த பையன்கள் வந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"பெரியப்பா, இது எத்தனை டன் இழுக்கும்?"

"எத்தனை டன்னை நிறுத்தும்னு கேளுடா" என்பேன்.

கணக்கைப் பாருங்கள். 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். பின்னால் வரும் டிரெய்லரில் கரும்பு மட்டுமே 10 டன், 12 டன். நம் பக்கம் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் டிராக்டரின் இரண்டு பின்சக்கர பிரேக்தான் பிடித்து நிறுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 15 கிலோமீட்டரில் சொன்ன இடத்தில் நின்ற வண்டி, 30 கிலோமீட்டரில் நிற்காது.

இதை நான் கற்றுக்கொண்டது 1994 தை மாதத்தில். எனக்கு 22 வயது. ஏரிக்கரையிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கும் சரிவு. டீசல் மிச்சமாகுமே என்று கிளட்சை மிதித்து, வண்டியைத் தானாக உருள விட்டேன். பாதிச் சரிவில் பாரம் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். அன்று காலைதான் உழுதுவிட்டு வந்திருந்தேன். இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்க்கும் கொண்டியை மாட்ட மறந்திருந்தேன். என் கால் வலது பெடலில் மட்டும் விழுந்தது. வலது சக்கரம் மட்டும் நின்றது, டிராக்டர் அந்தப் பக்கமே திரும்பியது, டிரெய்லர் நேரே வந்து இடித்தது. கொக்கி இருக்கும் இடத்தில் வண்டி முழங்கால் மடங்குவதுபோல் மடங்கி, டிராக்டர் ஒருக்களித்துச் சாய்ந்தது. மட்கார்டில் உட்கார்ந்து வந்த சித்தப்பா தூக்கி எறியப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.

டிராக்டருக்கு ஏன் இரண்டு பிரேக் பெடல் என்று பலருக்குத் தெரியாது. வயலில் சால் முடிந்து திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே வளையும்; அதற்காக வைத்தது. வயலுக்கு வரமான அந்த ஏற்பாடு சாலையில் ஆளைக் கொல்லும். வரப்பைத் தாண்டி சாலையில் ஏறுமுன் கொண்டியை மாட்டிவிட வேண்டும். சரிவு வருகிறதென்றால், இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிட வேண்டும். கியரில் இருக்கும்வரை இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலில் விட்டாலோ அந்தப் பிடி போய்விடும். சரிவின் நடுவில் கியர் மாற்றப் பார்ப்பதும் இதே தவறுதான்.

அப்பா மாட்டு வண்டிக்காரர். மூட்டை ஏற்றும்போது, "பின்பாரம் வெச்சுடாதே, மாட்டுக்குக் கழுத்து இறுக்கும்" என்பார். பின்பக்கம் கனத்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக்கயிற்றை இறுக்கும். முன்பக்கம் மிஞ்சினால் கழுத்தை அழுத்தும். இரண்டு சக்கர டிப்பரிலும் இதே நியாயம்தான். பின்பாரம் ஏறினால் டிப்பரின் மூக்கு எழும்பி, டிராக்டரின் பின்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். பிரேக்கும் இழுவையும் குறையும், கொஞ்சம் வேகம் பிடித்தாலே டிப்பர் வாலாட்டத் தொடங்கும். முன்பாரம் அளவு கடந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தரையில் அழுந்தாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதே சரி. ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

கொக்கியில் மாட்டும் பின்னுக்குப் பதிலாகக் கிடைத்த கம்பியைச் சொருகிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்தில் ஒருமுறை குதித்தால் அது துள்ளி வெளியே வந்துவிடும். சரியான பின், அதற்குக் கிளிப், கூடவே ஒரு சங்கிலி. டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து மாட்டும்போது இடையில் யாரும் நிற்கக் கூடாது.

இத்தனையும் ஓட்டுபவன் கையில். ஆனால் எனக்கு மனம் பொறுக்காமல் போவது இரவில் சாலையோரம் நிற்கும் கரும்பு வண்டிகளைப் பார்க்கும்போதுதான். டயர் பஞ்சராகி ஒரு வண்டி நிற்கும். ஆலை வாசலில் எடைமேடைக்குக் காத்திருக்கும் வரிசை சாலைவரை நீளும். டிரெய்லரின் பின்பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதற்கும் வெளியே கரும்பு நீட்டிக்கொண்டு அதை முழுக்க மறைத்திருக்கும். காய்ந்த சோகை இருட்டோடு இருட்டாகிவிடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. தாழ்த்திய விளக்கில் ஐம்பது மீட்டர் தெரிந்தால் அதிகம். அந்தக் காரை ஓட்டி வருபவருக்குக் கிடைப்பது இரண்டு நொடி. அதில் ஒரு நொடி, முன்னால் ஏதோ நிற்கிறது என்று புத்திக்கு உறைக்கவே போய்விடும். நகர்ந்துகொண்டிருக்கும் டிராக்டரானாலும் பெரிய வித்தியாசமில்லை. அது போவதே மணிக்கு 20 கிலோமீட்டர்.

ஒளி திருப்பும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது விதி. நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். ஒரு நீளப் பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கரும்பின் கடைசி நுனியில், ஏற்றி முடித்த பிறகு கட்டுகிறேன். வண்டி நின்றுபோனால் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளிப் போய் வைக்கிறேன். பாரத்துக்கும் விதி உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் அந்தச் சீசன் வருமானத்தையே கட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, ஆட்களை ஏற்றுவது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசத்தில் கான்பூர் பக்கம், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில், கங்கையில் நீராடப் போனவர்களின் டிராக்டரும் குளத்துக்குள் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் போனார்கள். நம் ஊரிலும் காதுகுத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் டிரெய்லரில்தான் போகிறோம். வெட்டு ஆட்கள் கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து வருகிறார்கள். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான், அது ஓட்டுபவனுக்கு.

டிராக்டர் வைத்திருக்கும் தம்பிகளே, இந்த வருடம் முதல் லோடு ஏற்றியதும் இருட்டிய பிறகு நூறு அடி பின்னால் போய் நின்று, டார்ச் அடித்து உங்கள் வண்டியைப் பாருங்கள். கரும்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அன்றிரவு சாலையில் ஏறாதீர்கள்.