துருவும் அரிப்பும்: கடலடிக் குழாயின் எஞ்சிய வலிமை

பினாங்குத் துறைமுகத்தில் நின்று எதிர்க்கரையான பட்டர்வொர்த்தைக் காணும் நாம், இடையிலுள்ள கடலடியில் குடிநீர்க் குழாய்கள் கிடப்பதை நினைப்பதில்லை. தீவுக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, சுங்கை டுவாவில் தூய்மை பெற்று, கடலைக் கடந்தே வருகிறது. இத்தகைய இடத்தில் கிடக்கும் எஃகுக் குழாய் எதுவாயினும், எவ்வளவு பூச்சிட்டாலும், நாளடைவில் தேய்வுறும். அது இன்னும் எவ்வளவு அழுத்தம் தாங்கும்? முந்தி மாற்றினால் பெருஞ்செலவு. பிந்தினால் அடுக்களையில் நீரில்லை.

இவ்வினாவுக்கு நம் சொற்களே ஒரு வாயில். ‘துரு’ என்பது இரும்பின்மேல் படிந்திருப்பது. ‘அரிப்பு’ என்பது போய்விட்டதைக் குறிப்பது. கறையான் அரித்தது என்கிறோம், மண்ணரிப்பு என்கிறோம். பொறியாளர் துருவை எடையிடுவதில்லை. சுவரில் போனது எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் என்றே அளக்கிறார். பலரும் ஆழத்தை மட்டும் கருதுவர். அது பிழை.

அமெரிக்காவில் பழைய எரிவளிக் குழாய்களை அழுத்தி வெடிக்கச் செய்து பார்த்த ஆய்வுகளிலிருந்து பிறந்த பி31ஜி என்னும் நெறி, 1984இல் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தால் வெளியிடப்பட்டது. 800 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. சுவரும் உடைய குழாய் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் 6 மி.மீ. ஆழக் குழி ஒன்று. அதாவது சுவரில் பாதி போயிற்று. குழாயின் நெடுக்கில் குழி 50 மி.மீ. நீண்டிருந்தால், அந்நெறிப்படி எஞ்சிய வலிமை ஏறத்தாழ 96 விழுக்காடு. அதே ஆழத்துடன் 300 மி.மீ. நீண்டிருந்தால் 75 விழுக்காடே. குழி மிக நீண்டு, சுவர் நெடுகவே பாதியாகிவிட்டால் வலிமையும் பாதியாகும்.

காரணம் எளிது. குறுகிய குழியைச் சுற்றியுள்ள தடித்த சுவர் தாங்கிக்கொள்கிறது. குழி நீள நீள, மெலிந்த பகுதி வெளிநோக்கிப் புடைக்கிறது. அப்புடைப்பு உலோகத்தின் இழுவிசையை மேலும் கூட்டுகிறது. இவ்விளைவைக் கணக்கில் சேர்ப்பதே ஃபோலியாஸ் பெயரால் வழங்கும் காரணி. மாணவர் கைக்கணிப்பானில் நீளத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

எல்லைகளும் உண்டு. சுவரில் 80 விழுக்காட்டுக்கு மேல் போயிருப்பின் இந்நெறி பேசாது; பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டும். மேலும், அது உள்ளழுத்தத்தை மட்டுமே கருதுகிறது. நங்கூரம் இழுத்து வளைத்த குழாய்க்கு வேறு கணக்கு வேண்டும்; கப்பல் ஓயாத இந்நீரிணையில் அதையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது.