வேலை கிடைத்த பிறகு ஒரு தேர்வு

கல்லூரி கற்றுத் தராததைக் கற்றுத் தரத் தொடங்கப்பட்டவை ஐ.டி. நிறுவனங்களின் பயிற்சி மையங்கள். இன்று அவையே பட்டதாரிகளைச் சலித்தெடுக்கும் சல்லடைகளாகிவருகின்றன.

மைசூரின் ஹெப்பால் தொழிற்பேட்டையை ஒட்டிச் சுமார் 340 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது இன்ஃபோசிஸ் வளாகம். கிரேக்க, ரோமானிய மாளிகைகளை நினைவூட்டும் தூண்கள், கண்ணாடி உருண்டையாக எழும்பி நிற்கும் திரையரங்கு, நீச்சல் குளம், கிரிக்கெட் மைதானம், ஒரே சமயத்தில் 13,000க்கும் அதிகமானோர் பயிற்சி பெறும் வசதி. மகனையோ மகளையோ கொண்டுவந்து விடும் பெற்றோருக்கு, ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டோம் என்ற பிரமை ஏற்பட்டால் வியப்பில்லை. இங்கும் வகுப்புகள் உண்டு, தேர்வுகள் உண்டு, மதிப்பெண்கள் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே தோற்றால் வேலையே போய்விடும்.

இது 2025 பிப்ரவரியில் நாடு முழுவதும் தெரியவந்தது. 2022இல் வேலை உத்தரவு பெற்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பட்டதாரிகள் 2024 அக்டோபரில்தான் மைசூருக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். சில மாதங்களுக்குள், உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் வெளியே அனுப்பப்பட்டார்கள். இது நிறுவனம் சொன்ன கணக்கு. புனேயிலிருந்து இயங்கும் ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ், எண்ணிக்கை 700 என்றது. மூன்று வாய்ப்பு என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக உள்ள நடைமுறை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது நிறுவனம். தேர்வைக் கடினமாக்கிவிட்டார்கள் என்றார்கள் வெளியேற்றப்பட்டவர்கள். விஷயத்தைக் கவனிக்குமாறு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கர்நாடக அரசுக்குக் கடிதம் எழுதியது. இவர்கள் டிரெய்னிகள்தான், எனவே இதை ஆட்குறைப்பு என்று சொல்ல முடியாது என்று மாநிலத் தொழிலாளர் துறை அதிகாரிகள் கருதுவதாகச் செய்திகள் வெளியாயின. பின்னர் வெளியேற்றப்பட்ட அணிகளுக்கு ஒரு மாதத் தொகையையும் வெளி நிறுவனங்களில் பயிற்சி பெறும் வாய்ப்பையும் இன்ஃபோசிஸ் அளித்தது.

இதில் சட்டப்படி யார் சரி என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பட்டதாரியை வேலைக்குத் தகுதியாக்கும் பொறுப்பும் செலவும் யாருடையது?

சிகாகோவில் தொடங்கிய பாடம்

புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளை ஓரிடத்தில் குவித்து ஒரே மாதிரிப் பாடம் நடத்தும் முறை, கன்சல்டிங் தொழிலோடு பிறந்தது. ஆர்தர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கக் கணக்குத் தணிக்கை நிறுவனம், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் லூயிவில் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் அமைப்பதில் 1950களிலேயே ஆலோசனை சொன்னது. தொழில் பெருகியதும், 1970இல் சிகாகோவை அடுத்த செயின்ட் சார்லஸ் ஊரில் ஒரு கல்லூரி வளாகத்தையே விலைக்கு வாங்கிப் பயிற்சிப் பள்ளியாக்கியது. எந்த ஊர்க் கிளையிலிருந்து எந்த இளைஞர் போனாலும் வாடிக்கையாளருக்கு ஒரே தரத்தில் வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவுதான் 2001இல் அக்சென்ச்சர் என்று பெயர் மாறியது.

இந்தியாவில் தேவை இன்னும் அவசரமானது. 1968இல் டி.சி.எஸ். தொடங்கியபோது நாட்டில் கம்ப்யூட்டர்களே சொற்பம். அவற்றைத் தெரிந்தவர்கள் அதைவிடச் சொற்பம். 1990களில் 2000ஆம் ஆண்டுப் பிழையைத் திருத்தும் வேலை அமெரிக்காவிலிருந்து கொட்டியபோது, சிவில், மெக்கானிக்கல் பொறியாளர்களைச் சில வாரங்களில் புரோகிராமர்களாக்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் டி.சி.எஸ். பயிற்சி மையத்தில் தங்கிப் படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

கல்லூரிகள் பெருகினவே தவிர இடைவெளி குறையவில்லை. பன்னாட்டு நிறுவனங்களில் வேலை பார்க்கத் தகுதியானவர்கள் இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் சுமார் 25 சதவிகிதம்தான் என்று நாஸ்காம்-மெக்கின்சி அறிக்கை 2005இல் சொன்னது. மைசூர் வளாகத்தின் முதல் கட்டம் செயல்படத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். இரண்டாம் கட்டத்தை 2009 செப்டம்பரில் சோனியா காந்தி திறந்துவைத்தார்.

என்ன கற்றுத் தருகிறார்கள்?

முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் பொது: புரோகிராமிங் அடிப்படை, தரவுத்தளம், பிழை கண்டுபிடிக்கும் முறை. அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு பிரிவுக்கு ஒதுக்கப்படுகிறார்கள். ஜாவா, பைத்தான், டெஸ்டிங், எஸ்.ஏ.பி., மெயின்ஃபிரேம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இந்த ஒதுக்கீடு டிரெய்னியின் விருப்பத்தைவிட, எந்த புராஜெக்ட்டுக்கு ஆள் தேவை என்பதைப் பொறுத்தது. பல வங்கிகளின் கணக்குகள் இன்றும் கோபால் என்ற பழைய மொழியில் ஓடுவதால், தாத்தா காலத்து மொழியைக் கற்கப் பேரன் அனுப்பப்படுவதும் உண்டு. அந்த ஒதுக்கீடு அடுத்த பல ஆண்டுகளின் திசையையே தீர்மானித்துவிடுகிறது.

பாதிப் பாடம் கம்ப்யூட்டரைச் சார்ந்ததே அல்ல. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது, தொலைபேசியில் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது, வேலை தாமதமாகும் என்பதை முன்கூட்டியே சொல்வது, புரியாததைப் புரியவில்லை என்பது. சிற்றூர்க் கல்லூரிகளிலிருந்து, தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்து வருகிறவர்களுக்கு ஜாவாவைவிட இதுதான் கடினம். பயிற்சி மையம் அவர்களுக்குச் செய்த மிகப் பெரிய உதவியும் இதுதான்.

இன்னொரு வழியை 1995இல் விப்ரோ காட்டியது. பிலானியின் பிட்ஸ் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து, பி.எஸ்சி. படித்தவர்களை வேலைக்கு எடுத்து, வார நாட்களில் வேலை, வார இறுதியில் வகுப்பு என்று நான்கு ஆண்டுகளில் எம்.எஸ். பட்டம் பெற வைத்தது. பொறியியல் கல்லூரிக் கட்டணத்தை எட்ட முடியாத குடும்பங்களுக்கு அது ஒரு பின்வாசல் கதவு. உள்ளே நுழைந்தவர்கள் உதவித்தொகையோடு பட்டத்தையும் பெற்றார்கள்.

கோபுரமும் அஸ்திவாரமும்

நிறுவனங்கள் இவ்வளவு செலவழித்தது தர்மத்துக்காக அல்ல. ஐ.டி. சேவைத் தொழிலின் கணக்கு எளிது. வாடிக்கையாளரிடம் ஆளுக்கு இத்தனை, மணிக்கு இத்தனை என்று கட்டணம் வாங்கப்படுகிறது. கோபுரத்தின் உச்சியில் அனுபவசாலிகள் சிலர், அடியில் குறைந்த சம்பளத்தில் புதியவர்கள் பலர். அடித்தளம் எவ்வளவு அகலமோ லாபமும் அவ்வளவு. எனவே பயிற்சிச் செலவு என்பது விதை நெல். பயிற்சி முடிந்தும் புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்ச்சில் உட்காருகிறவர் மட்டுமே நஷ்டம்.

ஆர்டர்கள் குவிந்தவரை இந்தக் கணக்கு இனித்தது. கொரோனா காலத்தில் உலகமே கம்ப்யூட்டருக்கு மாறியபோது, 2021-22இல் டி.சி.எஸ். சுமார் ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளைச் சேர்த்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை. பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். 2023-24இல் இன்ஃபோசிஸ் எடுத்த புதியவர்கள் 11,900 பேர் மட்டுமே.

இந்தச் சரிவின் சுமை முதலில் விழுந்தது அடித்தளத்தில்தான். 2023 ஜனவரியில், பயிற்சிக்குப் பிறகும் மதிப்பீட்டில் தேறவில்லை என்று விப்ரோ 452 புதியவர்களை அனுப்பியது. அடுத்த மாதமே, ஆண்டுக்கு ரூ. 6.5 லட்சம் என்று உறுதியளிக்கப்பட்டுக் காத்திருந்தவர்களிடம் ரூ. 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. 2024 ஆகஸ்டில் காக்னிசண்ட்டின் ரூ. 2.52 லட்சச் சம்பள அறிவிப்பு கேலிக்குள்ளானது. அது மூன்று ஆண்டுப் பட்டதாரிகளுக்கு மட்டுமே, பொறியாளர்களுக்கு ரூ. 4 லட்சம் முதல் என்று விளக்கிய நிறுவனம், அந்தப் பட்டதாரி ஒவ்வொருவரின் பயிற்சிக்கும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ரூ. 2 முதல் 3 லட்சம் செலவிடுவதாகவும் கூறியது.

அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. மறுபக்கமும் இருக்கிறது. 2010 வாக்கிலேயே பெரிய நிறுவனங்களின் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்தை ஒட்டி இருந்தது. இன்றும் சாதாரணப் பிரிவில் சேருகிறவருக்கு ரூ. 3.5 லட்சத்தைச் சுற்றித்தான். இடைப்பட்ட காலத்தில் வீட்டு வாடகையும் கல்லூரிக் கட்டணமும் எங்கே போயின என்பது எந்தத் தகப்பனுக்கும் தெரியும். சிறப்புத் தேர்வில் தேறும் சிலருக்கு மட்டும் இரட்டிப்பும் அதற்கு மேலும் தருகிறார்கள். கோபுரத்தின் அடித்தளமே இரண்டாகப் பிளந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இந்தப் பிளவை அகலமாக்குகிறது. சிறு பிழைகளைத் திருத்துவது, டெஸ்டிங் செய்வது, ஆவணம் தயாரிப்பது போன்றவை புதியவர் கைபழகும் வேலைகளாக இருந்தன. இன்று இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வது இவற்றைத்தான். ஏணியின் கீழ்ப்படியை அறுத்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து மேல்படியில் நிற்க அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள்? நிறுவனங்களுக்கும் விடை தேவைப்படும் கேள்வி இது.

கையெழுத்துக்கு முன்

பயிற்சி பெற்றதும் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் பாண்ட் எழுதி வாங்குகின்றன. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் இதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் ரூ. 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கிக்கு ஆளெடுக்க ஆகும் செலவும் அதில் கணக்கில் கொள்ளப்பட்டது. தொகை நியாயமானதா என்பது ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்கப்படும்.

எனவே வேலை உத்தரவு வந்த மகிழ்ச்சியில் சம்பள வரியை மட்டும் படிக்கிறவர்கள் மற்ற வரிகளையும் படிப்பது நல்லது. சேரும் தேதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா? பயிற்சியில் தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய்ப்பு? தேறாவிட்டால் அடுத்து என்ன? பாண்ட் தொகை எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கு? பிரிவையும் ஊரையும் தேர்ந்தெடுப்பது யார்? சேரும் தேதி எழுதப்படாத உத்தரவை நம்பி, கையில் இருக்கும் இன்னொரு வேலையை விடுவது ஆபத்து என்பதைத்தான் 2022ஆம் ஆண்டுப் பட்டதாரிகளின் அனுபவம் காட்டுகிறது.

நிறுவனங்களிடம் கேட்கக்கூடியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் தேவைப்படும்போது மட்டும் வேலை உத்தரவு கொடுப்பது. தேர்ச்சி விதியைச் சேருவதற்கு முன்பே சொல்லிவிட்டு நடுவில் மாற்றாமல் இருப்பது. தேறாமல் போகிறவருக்கும் அவர் தேறிய பாடங்களுக்காவது வேறிடத்தில் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ் தருவது. பி.எஸ்சி. படித்தவரை எம்.எஸ். ஆக்கி அனுப்பிய தொழிலுக்கு இது முடியாத காரியமல்ல. பயிற்சிக்கு ஆகும் செலவு நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. வேலை உத்தரவை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்த ஆண்டுகளுக்கான செலவை, இப்போதைக்கு, அந்தப் பட்டதாரியின் குடும்பம் மட்டுமே கட்டிக்கொண்டிருக்கிறது.