கொடைக்கானல் வீட்டுக் காய்கறித் தோட்டம்

கொடைக்கானல் வீட்டுக் காய்கறித் தோட்டம் என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் மேற்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், வீட்டை ஒட்டிய சிறு சரிவு நிலங்களில் மேற்கொள்ளப்படும் காய்கறிச் சாகுபடியைக் குறிக்கும். சமவெளியின் கொல்லைப்புறத் தோட்டத்திலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. கத்தரி, வெண்டை, புடலை, பாகல் போன்றவை இங்கு சரியாக விளைவதில்லை. சமவெளியில் அரிதாகவே விளையும் முட்டைக்கோசு, காரட், பட்டாணி, நூல்கோல், டர்னிப், பட்டர் பீன்ஸ் ஆகியவை இங்கு ஆண்டின் பெரும்பகுதியும் விளைகின்றன. இத்தகைய தோட்டத்தில் செடி வளர்ப்பைக் காட்டிலும் மண்ணைத் தங்க வைப்பதும், உறைபனியைச் சமாளிப்பதும், காட்டு விலங்குகளைத் தடுப்பதுமே கடினமான பணிகளாகும்.

வரலாறு

பழனி மலையின் மேல் 1821 ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்பவர் நில அளவை மேற்கொண்டார். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரை இழந்த பின்னர், 1845 ஆம் ஆண்டில் இங்கு முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களைப் பின்பருவ இலைக்கருகல் நோய் அழிக்கத் தொடங்கியதும் அதே 1845 இல்தான். அந்த நோய் இன்று கொடைக்கானலின் உருளைப் பாத்திகளிலும் ஈரமான மாதங்களில் தோன்றுகிறது.

மதுரை ஆட்சியராக இருந்த வெரி லெவிஞ்சு 1863 இல் சதுப்பு நிலத்து ஓடையின் குறுக்கே கரை அமைத்து இன்றைய ஏரியை உருவாக்கினார். ஐரோப்பியப் பழமரங்களையும் பூச்செடிகளையும் கொண்டுவந்து பயிரிட்டுப் பார்த்தவரும் அவரே. 1910களில் மலைச்சாலை அமையும்வரை பெரியகுளம் பக்கத்திலிருந்து மேலே வந்த ஒவ்வொரு மூட்டையும் ஒற்றையடிப் பாதை வழியே சுமையாட்களாலும் விலங்குகளாலும் ஏற்றப்பட்டது. ஆகவே அக்கால வீடுகளுக்குக் காய்கறித் தோட்டம் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க இயலாது. சாலை வந்த பின்னரும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலின்போது மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் மலைச்சாலைகள் அடைபட்டன.

கொடைக்கானல் வீடுகளின் தோட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ரோசாவையும் டாலியாவையுமே குறிப்பிடுகின்றனர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் போன்ற மேல்மலை ஊர்களின் படிக்கட்டு வயல்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் வீட்டுத் தோட்டம் அமைப்போர் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பங்கள் இவ்வயல்களிலேயே உள்ளன. இங்கு விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

காலநிலையும் பகல் நீளமும்

கோடையில் பகல் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியும், குளிர்கால இரவுகளில் சராசரியாக 8 பாகையை ஒட்டியும் இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கிடைக்கின்றன. இவற்றுள் அக்டோபர், நவம்பர் மாத மழையே மிகுதி. சனவரி முதல் மார்ச்சு வரை வறட்சிக் காலமாகும்.

குளிர் ஒத்திருப்பதால் ஐரோப்பிய விதைகள் யாவும் இங்கு விளையும் எனக் கருதுவது தவறு. கொடைக்கானல் வட அகலாங்கு 10 பாகையில் உள்ளது. இங்கு மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம்; மிகக் குறுகிய பகல் 11½ மணி நேரம். 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகல் இருந்தால் மட்டுமே குமிழ் வைக்கும் வட ஐரோப்பிய வெங்காய வகைகள் இங்கு இலையாகவே நின்றுவிடும். எனவே விதை உறையில் "நீள்பகல் வகை" எனக் குறிக்கப்பட்டவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

உறைபனி

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற, காற்றில்லாத இரவுகளில் உறைபனி விழுகிறது. நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழப்பதால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இதனாலேயே ஏரிக்கரைப் பகுதியிலும் பிரையண்ட் பூங்காவிலும் புல் வெண்மையாகும் காலையில், சற்று மேலே உள்ள சரிவு வீடுகளில் பனி இல்லாமல் இருக்கலாம்.

இதிலிருந்து ஒரு கட்டுமான விதி கிடைக்கிறது. தோட்டத்தின் கீழ் எல்லையில் இடைவெளியற்ற மதிலை எழுப்பினால், இறங்கி வரும் குளிர்காற்று அங்கே அணைநீர்போல் தேங்கிச் செடிகளைக் கருக்கும். கீழ் மதிலில் திறப்பு விடுவது அல்லது அங்குக் கம்பி வேலி மட்டும் போடுவது நல்லது. பீன்சும் உருளையும் ஒரே இரவில் கருகிவிடும். முட்டைக்கோசு, காரட், பூண்டு ஆகியவை மிதமான உறைபனியைத் தாங்கும். மாலையிலேயே நிழல்வலை அல்லது சாக்கு கொண்டு மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுவது வழக்கம். மூடுதுணி இலையைத் தொடாதவாறு வளைத்த மூங்கில் கழிகளின் மேல் போடப்பட வேண்டும்.

சரிவைப் படிகளாக்குதல்

ஒரு சென்ட் அளவே உள்ள நிலமாயினும் முதலில் சமமட்டக் கோட்டைக் கண்டறிதல் வேண்டும். இதற்கு ஏ வடிவச் சட்டம் போதுமானது. இரண்டு மீட்டர் நீளமுள்ள இரு கழிகளை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கழி ஒன்றை இணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட வேண்டும். சட்டத்தின் கால்களை இரு முளைகளின் மேல் நிறுத்தி, நூல் குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் குறி இடவேண்டும். பின்னர் கால்களை இடம் மாற்றி நிறுத்தி மீண்டும் குறியிட வேண்டும். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டம். நூல் அப்புள்ளியில் நிற்குமாறு சட்டத்தைக் காலுக்குக் கால் நகர்த்தி முளை அடித்துச் சென்றால் சமமட்டக் கோடு கிடைக்கும்.

இக்கோட்டில் சாந்தில்லாத கற்கட்டு எழுப்பப்படுகிறது. பெரிய கற்கள் அடியில் பாதி புதையுமாறு வைக்கப்பட வேண்டும். சுவர் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் சல்லி நிரப்பப்பட வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் உயரம் தேவைப்பட்டால் ஒரே சுவராகக் கட்டாமல் இரு படிகளாகப் பிரிப்பது பாதுகாப்பானது. சிமெண்டுச் சுவர் பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும், நீர்வடியும் துளைகள் இல்லாவிடில் நவம்பர் மழையில் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால் பிளந்துவிடும். சாந்தில்லாச் சுவரில் நீர் இடுக்குகள் வழியே தானே வடிகிறது.

மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து, படி அமைந்த பின்னர் மேலே பரப்ப வேண்டும். இது மறக்கப்படுவதே பல புதிய தோட்டங்கள் முதலாண்டில் விளையாமல் போவதற்குக் காரணம். கரிய மேல்மண் இலைமக்கு நிறைந்தது. அதன் கீழே உள்ள மண் வளம் குன்றியது. மலைக்காய்கறி வயல்களில் நீர் விரைவாக வடிவதற்காகச் சரிவின் போக்கிலேயே சால் பிடிக்கும் பழக்கமும் உண்டு. கிழங்கு அழுகாமல் இருக்க அது உதவுகிறது; ஆனால் ஒவ்வொரு மழையிலும் மேல்மண் அச்சால் வழியே இறங்கிப் போகிறது. படியைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்து, உள்விளிம்பில் ஒரு வாய்க்கால் அமைத்தால் இரண்டு தேவைகளும் நிறைவேறும்.

மண்ணும் மக்கும்

மழை மிகுதியால் சுண்ணாம்புச் சத்து கரைந்து போவதால் மண் அமிலத் தன்மை உடையது. அமில மண்ணில் முட்டைக்கோசுக் குடும்பப் பயிர்களின் வேர்கள் முண்டு முண்டாக வீங்கும் நோய் பரவும். நடவுக்குச் சில வாரங்களுக்கு முன் சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூள் இடுவதும், அதே பாத்தியில் கோசு வகையைத் திரும்ப நடாமல் இருப்பதும் இதற்கான வழிகள்.

குளிரில் குப்பை மெதுவாகவே மக்கும். குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் உள்ளே வெப்பம் நிலைக்காது. கூடைகளிலும் வாளிகளிலும் மக்கு தயாரிப்போர் இங்கு ஏமாறுவது இதனாலேயே. பலகைப் பெட்டி ஒன்றை ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்தில் செய்து மூடியிட்டு வைப்பது ஏற்றது.

உருளைக்கிழங்கும் நூற்புழுவும்

உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961 இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது; பின்னர் பழனி மலையிலும் காணப்பட்டது. இதன் பெண் புழு இறந்தபின் உடல் தடித்த உறையாகி, உள்ளிருக்கும் முட்டைகளைப் பல ஆண்டுகள் மண்ணில் காக்கும். இதனால் இம்மலைகளிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுசெல்லத் தடை உள்ளது. ஒரு கிழங்கில் ஒட்டிய மண்ணே புதிய தோட்டத்தில் புழுவைக் குடியேற்றப் போதும். எனவே மண்வெட்டியைக் கழுவுவதும், சந்தைக் கிழங்கை விதையாக நடாமல் இருப்பதும், உருளைக்குப் பின் சில ஆண்டுகள் பூண்டு, காரட், பீன்சு எனப் பயிர் மாற்றுவதும் இன்றியமையாதவை. குப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள வகைகளும் உள்ளன.

பந்தலும் நீர்த்தொட்டியும்

இடம் குறைந்த வீடுகளுக்குச் சௌசௌ மிகவும் உகந்தது. நடு அமெரிக்காவிலிருந்து வந்த இக்கொடி, தமிழில் மேரக்காய், பெங்களூர்க் கத்தரிக்காய் எனவும் அழைக்கப்படும். இதன் விதையைத் தனியே எடுத்து நடுவதில்லை. முளைவிட்ட முழுக் காயே நடப்படுகிறது. கொடி பல ஆண்டுகள் நிலைத்துக் காய்ப்பதால் பந்தல் கால்களைப் பச்சை மூங்கிலில் அமைக்காமல் கல் அல்லது இரும்பில் அமைப்பது நல்லது. கடும் பனியில் கொடி காய்ந்தாலும் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

வறண்ட மூன்று மாதங்களுக்குக் கூரைநீர் உதவும். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் கிடைக்கும். எனவே தொட்டி நவம்பரில் நிரம்புவதில் ஐயமில்லை. மார்ச்சு வரை அந்நீர் போதுமா என்பது தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது.

காட்டுமாடுகள்

செய்தித்தாள்களில் காட்டெருமை எனக் குறிப்பிடப்படும் விலங்கு உண்மையில் கடமா எனப்படும் காட்டுமாடு ஆகும். பழனி மலையின் இயற்கைப் புல்வெளிகளில் பெரும்பகுதி 20 ஆம் நூற்றாண்டில் சீகை, யூக்கலிப்டசு, பைன் ஆகிய மரத் தோட்டங்களாக மாற்றப்பட்டது. மேய்ச்சல் நிலம் சுருங்கியதற்கும், இவ்விலங்குகள் நகரத் தெருக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மேய்வதற்கும் தொடர்பு உண்டு. பழனி மலைக் காடுகள் 2013 இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோ வரை எடை உடையது. ஒரு மீட்டர் உயர வேலி அதற்கு ஒரு தடையே அன்று. தாக்குதலில் மனிதர்கள் காயமடைந்ததும் இறந்ததும் உண்டு. தோட்டத்தில் நுழைந்த மாட்டைக் கல்லெறிந்து விரட்ட முயல்வது ஆபத்தானது. அது வெளியேறும் வழியை மறிக்காமல் வீட்டினுள் இருப்பதே முறை. மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம்; மனித உயிரையும் பறிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கோசு, பீன்சு பாத்திகளை அமைத்து அவற்றை மட்டும் உயர்ந்த கம்பி வலையால் மேற்புறமும் சேர்த்து அடைப்பது, நிலம் முழுவதையும் வேலியிடுவதைவிடச் செலவு குறைந்தது. குரங்குகளையும் அது தடுக்கும். காய்கறிக் கழிவைத் திறந்த குழியில் கொட்டும் வீட்டுக்கு மாடும் காட்டுப்பன்றியும் திரும்பத் திரும்ப வரும் என்பதால், மக்குப் பெட்டியின் மூடிக்குத் தாழ்ப்பாள் இடுவது தேவையாகிறது.